லாப்லாஸ் அட்டவணைக்கு ஒரு வரி போதும்
டி என்ற மாறியின் சார்பை எஸ் என்ற மாறியின் சார்பாக மாற்றுவதே லாப்லாஸ் உருமாற்றம். அதன் அட்டவணை முழுவதையும் உருப்போட வேண்டாம். அடுக்குக்குறிச் சார்பு ஈ^(ஏ·டி)-இன் உருமாற்றம் 1/(எஸ் − ஏ). இந்த ஒன்றை மட்டும் மனத்தில் பதியுங்கள்.

ஏ பூச்சியமானால் மாறிலி 1-க்கு உரிய 1/எஸ் கிடைத்துவிடும். ஏ இருக்கும் இடத்தில் ஐ·பி என்ற கற்பனை எண்ணை இட்டு, கீழ்ப்பகுதியின் இணையெண்ணால் மேலும் கீழும் பெருக்கினால் (எஸ் + ஐ·பி)/(எஸ்² + பி²) வரும். இதன் மெய்ப்பகுதி கோசைன் பி·டி-க்கு உரியது, கற்பனைப் பகுதி சைன் பி·டி-க்கு உரியது. எவ்வளவு அழகு!

சார்பை டி-ஆல் பெருக்கினால், அதன் உருமாற்றத்தை எஸ்ஸைப் பொறுத்து வகையிட்டுக் குறியை மாற்றுங்கள். 1/எஸ் அப்படித்தான் 1/எஸ்² ஆகிறது. வகைக்கெழுவின் உருமாற்றத்தில் மட்டும் கவனம் வேண்டும்: சார்பின் உருமாற்றத்தை எஸ்ஸால் பெருக்கியபின், சார்பின் தொடக்க மதிப்பை (டி = 0-இல் உள்ள மதிப்பை) கழிக்க மறந்துவிடாதீர்கள்.