படிகளுக்கு நடுவில் சாரணர்கள் பெறக்கூடிய கூடுதல் விருதுகள்: கொங்கு வட்டாரப் படைகளுக்கு ஒரு வழிகாட்டி

சாரணர் இயக்கத்தில் பிரவேஷ் என்ற நுழைவு நிலையை முடித்த பிள்ளை பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்ற படிகளில் ஏறி ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்குப் போக வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு படிக்கும் நடுவே கட்டாயக் காத்திருப்புக் காலம் இருக்கிறது. வாரக் கூட்டத்துக்கு வருவதைப் பிள்ளைகள் நிறுத்துவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். அந்த மாதங்களில் கையில் வேலை கொடுக்கத்தான் கூடுதல் பேட்ஜுகளும் விருதுகளும். அவை தவறிப்போவதற்குத் திறமைக் குறைவு அரிதாகவே காரணமாகிறது. பதிவு நாள் தாண்டிவிடும், செய்ததை எழுதிவைக்கும் லாக் புக்கில் தேதி இருக்காது, தேர்வாளரை முன்கூட்டியே கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு பெரிய நாள்காட்டியை அறையில் மாட்டி, கீழே வரும் நாட்களை முதலில் குறித்துவிடுங்கள்.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் விதிநூலான ஏ.பி.ஆர்.ஓ.வில் சாரணருக்கு இரண்டாம் பாகம், சாரணியருக்கு மூன்றாம் பாகம். திறன் பேட்ஜுகளின் முழுப் பட்டியலும் பாடத்திட்டமும் அதில் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பழைய கையேட்டை நம்பித் தயாரானால் தேர்வு நாளில் பாடத்திட்டம் மாறியிருக்கும். நடப்புப் பதிப்பு எது என்று மாவட்டச் சங்கத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தப் பட்டியலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வீட்டில் நடக்கும் வேலை ஏதாவது அதில் இருக்கிறதா என்று குறிக்கச் சொல்லுங்கள். பவானியிலும் சென்னிமலையிலும் தறி, காங்கேயம் பக்கம் மாடு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. பாதித் தயாரிப்பு வீட்டிலேயே முடிந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தறி வீட்டுப் பிள்ளைக்கு வேலை தெரியும், விளக்கத் தெரியாது. நெசவாளர் பேட்ஜுக்கு உட்கார்ந்து பத்து அங்குலம் நெய்து காட்டிவிடுவான். பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, ஏன் கஞ்சி போடுகிறார்கள் என்று தேர்வாளர் கேட்டால் விழிப்பான். நெய்யும்போது பாவு அச்சிலும் விழுதிலும் ஓயாமல் உரசுகிறது. கஞ்சி ஏறாத நூல் பிசிறு தட்டி அறுந்துபோகும். குறுக்கே ஓடும் ஊடை நூல் நாடாவோடு போய் வருவதால் அதற்கு அவ்வளவு உரசல் இல்லை. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் 'ஏன்' என்ற கேள்விகள் பத்தை எழுதிக்கொடுத்து, பதிலைத் தாத்தாவிடமோ அப்பாவிடமோ கேட்டு அவனே எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் லாக் புக்கின் முதல் பக்கம். தேர்வாளராகச் சாரண ஆசிரியரே இருக்க வேண்டாம். அந்தத் துறை தெரிந்த வெளியாள் ஒருவரை மாவட்டச் சங்கத்தின் ஒப்புதலோடு, தயாரிப்பு தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்க நடப்பது. கட்டணம் கிடையாது, சாரணருக்கும் இளைய குருளையர் வயதுப் பிள்ளைகளும் சேரலாம். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த இனத்தையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. திருப்பூருக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம், கோவைக்குச் சிங்காநல்லூர்க் குளம். முதல் இரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை. பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கப் போகும் நாளில் ஆற்றோரமும் கரட்டோரமும் எப்படியும் போவோம். அங்கேயே ஒரு 15 நிமிடம் ஒதுக்கினால் தனிப் பயணமே தேவையில்லை.

ஆறு பேர் கொண்ட அணிக்கு இரண்டு பைனாகுலர் போதும். இருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க, மற்ற இருவர் வெறுங்கண்ணால் வானத்தைக் கவனிக்கட்டும். காலை ஆறரைக்கெல்லாம் கரையில் நின்றுவிட வேண்டும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி. எதிர்வெயிலில் நாமக்கோழியும் தாழைக்கோழியும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். நாமக்கோழிக்கு நெற்றியும் அலகும் வெள்ளை, தாழைக்கோழிக்குச் சிவப்பு. இந்த ஒன்றைப் பழக்கிவிட்டாலே பாதித் தவறு போய்விடும். எழும்பிச் சுற்றி அதே குளத்தில் இறங்கும் கூட்டத்தைப் பிள்ளைகள் மறுபடி எண்ணிவிடுவார்கள். அதனால் ஓரினத்தை ஒரே மூச்சில் எண்ணி முடிக்கப் பழக்குங்கள். பெயர் உறுதியில்லாத பறவைக்கு ஊகித்துப் பெயர் போட வேண்டாம். 'கொக்கு வகை' என்று எழுதினால் அதுவும் சரியான பதிவுதான். பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் தெரிந்த எல்லா இனத்தையும் பதிந்தீர்களா என்று தளம் கேட்கும். அழகான நான்கை மட்டும் பதிந்துவிட்டு 'ஆம்' என்று தட்டினால் அந்தத் தரவு கெட்டுப்போகும். பிப்ரவரி நடுவில் இதே முறையில் உலக அளவிலான கணக்கெடுப்பும் நான்கு நாள் நடக்கிறது. இரண்டிலும் கலந்துகொண்ட பட்டியல்களை அச்செடுத்து ஒட்டினால் இயற்கை சார்ந்த பேட்ஜுகளுக்கு வலுவான சான்று.

அடுத்து, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் டைட் டர்னர்ஸ் பிளாஸ்டிக் சவால். நுழைவு, தலைவர், சாம்பியன் என மூன்று நிலைகள். நொய்யல் ஓடும் ஊர்களில் இதற்கு வேலை தேட வேண்டியதே இல்லை. கரையில் ஐம்பது மீட்டர் அளந்து கயிறு கட்டுங்கள். பொறுக்கியதை அங்கேயே பால் பாக்கெட், பாட்டில், கவர், துணிக்கழிவு என வேறு வேறு சாக்கில் பிரித்துத் தொங்கு தராசில் எடை போடுங்கள். மண்ணும் தண்ணீரும் ஒட்டிய கவர் உண்மை எடையைவிடப் பல மடங்கு காட்டும். உதறிக் காயவைத்த பிறகே நிறுக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில் இருக்கட்டும். ஒரு கல்லில் பெயிண்ட் அடித்து அங்கே நின்று எடுத்தால் போதும். கையுறை, கெட்டிச் செருப்பு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். ஊசியும் பிளேடும் வராத கரை கிடையாது. குப்பையை வாங்கிக்கொள்ள உள்ளாட்சி வண்டி வரும் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

அக்டோபரில் ஒரு வார இறுதியில் ஜோட்டா, ஜோட்டி. உலகெங்கும் உள்ள சாரணர்கள் இருந்த இடத்திலிருந்தே பேசிக்கொள்ளும் நிகழ்வுகள் இவை. ஜோட்டா என்பது, உரிமம் பெற்ற ஹாம் (அமெச்சூர்) வானொலி நிலையத்திலிருந்து பேசுவது. ஜோட்டி இணையத்தில் நடப்பது. ஜோட்டிக்கு உலகச் சாரணர் தளத்தில் கணக்குத் தொடங்கி, இணையப் பாதுகாப்புப் பாடத்தையும் முடிக்க வேண்டும். இதை அந்த வார இறுதி வரை தள்ளிப்போடாமல் செப்டம்பரிலேயே முடியுங்கள்.

14 வயது ஆனவர்களுக்குப் பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது: எடின்பரோ கோமகன் பெயரில் தொடங்கிய சர்வதேச இளைஞர் விருது. 14 முதல் 24 வயது வரை, வெண்கலம், வெள்ளி, தங்கம். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் ஆகிய நான்கும் எல்லா நிலைக்கும் பொது. தங்கத்துக்கு வெளியூரில் தங்கிச் செய்யும் திட்டமும் சேரும். வெண்கலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம், வாரம் ஒரு மணி நேரம். கட்டணம் உண்டு, பள்ளியோ அமைப்போ விருது மையமாகப் பதிந்திருக்க வேண்டும். சாரணப் பிள்ளைகள் செய்யும் வாரச் சேவையே இதற்குப் பொருந்தும். ஆனால் பதிவு செய்த நாளுக்கு முன் செய்தது எதுவும் கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

வெண்கலத்தின் சாகசப் பயணம் இரண்டு பகல், ஓர் இரவு, நாளுக்கு ஆறு மணி நேர உழைப்பு. குழுவில் நான்கு முதல் ஏழு பேர். அதற்கு முன் ஒரு பயிற்சிப் பயணமும் கட்டாயம். ஆனைமலை, சத்தியமங்கலம் என்று ஆசைப்படுவார்கள். இரண்டும் புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. காளிங்கராயன் வாய்க்கால் கரை இதற்கு அருமையான பாதை. 13-ஆம் நூற்றாண்டு வாய்க்கால், பவானியில் தொடங்கிச் சுமார் 90 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டாம். ஒரு பகுதியை எடுத்து, மதகுகளையும் பாசனப் பயிரையும் வரைபடத்தில் குறிப்பதை நோக்கமாக வையுங்கள். நோக்கமில்லாத வெறும் நடை இந்த விருதுக்குச் செல்லாது. தண்ணீர் ஓடும் காலத்தில் குளிக்க இறங்க அனுமதிக்காதீர்கள். கரை வழுக்கும், இழுப்பு மேலே தெரியாது.

கிடைத்த பேட்ஜை எல்லாம் சட்டையில் தைத்துவிட முடியாது. சீருடையில் எதற்கு இடமுண்டு என்று மாவட்டத்தில் கேட்டுக்கொண்டு, மீதியை முகாம் போர்வையில் தையுங்கள். சென்னிமலைப் பருத்திப் போர்வை தாராளமாகப் போதும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினால் இரண்டு சலவையில் உரிந்துவிடும். பேட்ஜின் ஓர நூல் நிறத்திலேயே இரட்டை இழை எடுத்து, சுற்றிலும் நெருக்கமாகக் கையால் தைத்து, பின்பக்கம் சம்பாதித்த தேதியை மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள்.