வெயிலூரில் காந்த சார்ஜர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியதும் ஒட்டிய பின் செய்ய வேண்டியதும்

போனின் முதுகில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும் வட்ட சார்ஜரை வாங்கியவர்களிடம் கேட்டால் இரண்டு குறைகள் வரும். ஒன்று, ‘போன் சுடுது’. இன்னொன்று, ‘80க்கு மேல ஏற மாட்டேங்குது’. பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், சூடு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இந்த சார்ஜர் உதவாது என்று சொல்லவரவில்லை. நன்றாகவே உதவும். ஆனால் குளிர்ந்த ஊருக்கு எழுதிய அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றினால் பேட்டரிதான் அடிவாங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காந்தம் சார்ஜ் ஏற்றுவதில்லை. சார்ஜருக்குள் ஒரு செம்புக் கம்பிச்சுருள், போனுக்குள் ஒரு கம்பிச்சுருள். முதல் சுருளில் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓட, அதன் காந்தப்புலம் இரண்டாவது சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சுற்றி இருக்கும் காந்த வளையத்தின் வேலை, இரண்டு சுருள்களையும் நேருக்கு நேர் நிறுத்துவது மட்டும்தான். காந்தம் இல்லாத பழைய தட்டையான சார்ஜரில் போன் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே சக்தி வீணாகிச் சூடாக மாறும். இரவு வைத்த போன் காலையில் 30 சதவீதத்திலேயே கிடக்கும். அந்தத் தொல்லையைக் காந்தம் ஒழித்துவிடுகிறது. இந்த சார்ஜரின் உண்மையான நன்மை இதுதான். அதோடு, டைப்-சி துளையில் தினமும் செருகிப் பிடுங்குவதால் வரும் தேய்மானமும் தூசியும் குறையும்.

படி 1: உங்கள் போனுக்கு இது பொருந்துமா?

ஐபோன் 12 முதல் (2020) காந்தம் உள்ளேயே இருக்கிறது. 16இ மாடல் விதிவிலக்கு: அதில் வயர்லெஸ் சார்ஜிங் உண்டு, காந்தம் கிடையாது. 2020, 2022 எஸ்இ மாடல்களும் அப்படியே. கூகுள் பிக்சல் 10, 10 ப்ரோ போன்களில் காந்தம் உண்டு. சாம்சங் எஸ்25 வரிசையில் சுருள் இருக்கிறது, காந்தம் இல்லை. காந்த வளையம் வைத்த கவர் போட்டால்தான் ஒட்டும்.

பட்ஜெட் போன்களில் பெரும்பாலானவற்றில் சுருளே கிடையாது. ‘இந்த ஸ்டிக்கர் வளையத்தை ஒட்டினா எந்த போனும் வயர்லெஸ் ஆயிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வளையம் போனைத் தாங்கிப் பிடிக்கும், சார்ஜ் ஏற்றாது. வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் ‘வயர்லெஸ் சார்ஜிங்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் இந்தச் செலவே வேண்டாம்.

படி 2: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

ஆப்பிளின் காந்த சார்ஜ் முறையான மேக்சேஃப் (MagSafe), அல்லது கியூஐ2 (Qi2) முத்திரை. இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். கியூஐ2 என்பது மேக்சேஃப் முறையை அடிப்படையாக வைத்து 2023ல் வந்த பொதுத் தரம். 15 வாட் வரை கொடுக்கும். 2025ல் 25 வாட் வகையும் வந்துவிட்டது. ‘மேக்னெட்டிக்’ என்றோ ‘மேக்சேஃப் கம்பேட்டிபிள்’ என்றோ மட்டும் போட்டிருந்தால், காந்தம் ஒட்டும் என்பதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படிப்பட்ட பலவற்றில் ஐபோனுக்கு 7.5 வாட்தான் கிடைக்கும்.

படி 3: அடாப்டர்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. சார்ஜர் பெட்டியில் பெரும்பாலும் அடாப்டர் வராது. வீட்டில் கிடக்கும் 5 வோல்ட், 2 ஆம்பியர் பழைய அடாப்டரில் செருகினால் ஆமை வேகத்தில்தான் ஏறும், சில நேரம் விட்டுவிட்டு ஏறும். அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்றொரு வரி இருக்கும். அதில் 9 வோல்ட், 2.22 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதாவது ‘பிடி’ (PD, பவர் டெலிவரி) என்ற வேக சார்ஜ் முறை கொண்ட 20 வாட் அடாப்டர். 25 வாட் சார்ஜருக்கு 30 வாட் அடாப்டர் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் (BIS) முத்திரையும் ‘ஆர்’ (R) என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டில் முத்திரை இல்லாத அடாப்டரை நம்பி இரவு முழுக்க விட்டு வைக்கக் கூடாது.

படி 4: கவரைக் கழற்றிப் பாருங்கள்

காந்த வளையம் இல்லாத தடித்த கவர் போட்டால் பிடிப்பும் குறையும், சூடும் வெளியேறாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் கவர் பிரியர்கள் அதிகம். தோல் அழகுதான், ஆனால் சார்ஜரின் வட்டத் தடம் அதில் பதிந்துவிடும், கோடையில் போர்வை மாதிரி சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏடிஎம் கார்டு செருகும் தோல் கவர் என்றால் கார்டை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். கார்டின் கறுப்புக் காந்தப் பட்டையும், தட்டினால் கதவு திறக்கும் அலுவலக, கல்லூரி ஐடி கார்டும் கெட வாய்ப்பு உண்டு.

விரல் மாட்டும் உலோக ரிங், கார் ஹோல்டருக்காக ஒட்டிய இரும்புத் தகடு இரண்டையும் கழற்றியே ஆக வேண்டும். மாறும் காந்தப்புலத்தில் உலோகம் தானே சூடாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவது போலத்தான். சார்ஜரின் மேல் காந்தத்துக்கு ஒட்டிக்கிடக்கும் ஊக்கு, ஹேர்பின், ஸ்டேப்ளர் பின் இவற்றையும் துடைத்துவிட்டு வையுங்கள். தரமான சார்ஜர் அந்நிய உலோகத்தைக் கண்டால் நிறுத்திக்கொள்ளும். மெல்லிய பின் அதன் கண்ணில் படாமல் போகலாம்.

படி 5: இடமும் நேரமும்

நம் ஊருக்கு இதுதான் முக்கியமான படி. ஒரு சின்னக் கணக்கு. போன் பேட்டரி நிறைய சுமார் 15 வாட்-மணி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வயரில் 90 சதவீதம் போய்ச் சேர்ந்தால் சுவரிலிருந்து ஏறக்குறைய 17 இழுக்கும். வயர்லெஸில் 70 சதவீதம் என்றால் 21 அல்லது 22. கூடுதல் செலவு வருடத்துக்கு இரண்டு யூனிட்டைக்கூடத் தொடாது, அதனால் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது, அந்த வீணான சக்தியில் பெரும்பகுதி போனின் முதுகை ஒட்டியே சூடாக வெளிவருகிறது என்பதுதான்.

ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. மே மாதத்தில் வேலூர் மதியம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதன் மேல் சார்ஜரின் சூடும் சேரும்போது போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், 80 சதவீதத்தில் நிறுத்தியும் வைக்கும். போன் பழுதாகவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அப்படிச் சுடச்சுடவே தினமும் சார்ஜ் செய்தால் பேட்டரியின் ஆயுள்தான் குறையும்.

ஆகவே மார்ச் முதல் ஜூன் வரை காலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒட்டுங்கள். இரவில் ஒட்டுவதாக இருந்தால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை அனல் விட்டுக்கொண்டிருக்கும். கீழ்வீட்டு அறை, ஓடும் ஃபேன், வெயில் படாத கடப்பா கல் அலமாரி. இதைவிட நல்ல இடம் நம் வீடுகளில் இல்லை. கல் சூட்டை வாங்கிக்கொள்ளும். மெத்தை, தலையணை, சோபா ஆகாது. ஒட்டியபடி வீடியோ பார்ப்பதும் கேம் விளையாடுவதும் சூட்டை இன்னும் கூட்டும்.

வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருந்தால், போனையும் சார்ஜரையும் அவர் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்; வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல். சட்டைப் பையில் காந்த பவர் பேங்கோடு போனைப் போட்டுக்கொள்வது அவர்களுக்குக் கூடவே கூடாது. சி.எம்.சி.க்குச் செக்கப் போகும்போது இதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: கார், பைக், பவர் பேங்க்

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மேப் பார்த்தபடி போகிறவர்களுக்குக் காந்த ஹோல்டர் பெரிய வசதி, ஒரு கையால் ஒட்டி ஒரு கையால் எடுக்கலாம். முன்கண்ணாடியில் மாட்டாதீர்கள், வெயில், மேப், 5ஜி, சார்ஜ் நான்கும் சேர்ந்தால் திரை மங்கிவிடும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டுங்கள். பைக்குக்குக் காந்தம் வேண்டாம். பள்ளத்தில் விழுவது ஒருபுறம், என்ஜின் அதிர்வு கேமராவையும் கெடுக்கலாம்.

காந்த பவர் பேங்க் 5000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும், வழியில் சூடாகப் போனது போக, போனுக்குள் பாதிக்குச் சற்று மேல்தான் சேரும். கரண்ட் போன நேரத்தில் அதே பவர் பேங்கைக் கேபிளில் போட்டால் கூடுதலாக ஏறும்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

போன் 20 சதவீதத்தில் இருக்கும்போது கவரைக் கழற்றி, ஃபேனுக்குக் கீழே, திரையை அணைத்து ஒட்டுங்கள். அரை மணி கழித்து 40ஐத் தொடவில்லை என்றால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பிறகு கேபிளை. அடாப்டர் மாறியதும் வேகம் கூடினால் சார்ஜர் மேல் குற்றமில்லை. கவர் போட்டு இன்னொரு நாள் இதையே செய்யுங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் மாற்ற வேண்டியது கவர்.

வேகம் சரியாக இருந்தும் எப்போதும் மிகச் சரியாக 80லேயே நின்றால், ஐபோன் 15இலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் சார்ஜ் வரம்பு 80 என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரம்பு இல்லாமலும் நின்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம். எடுத்து, பத்து நிமிடம் கல்லின் மேல் ஆறவிட்டு, மீதியைக் கேபிளில் ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி கோத்துக்கொண்டால் போர்டே போய்விடும்.