சின்ன ஜோடி வந்தால் ஆடுவதா, எறிவதா?

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடப் புதிதாக உட்காருகிறவர் கையில் 4-4 வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். ஜோடி கைக்கே வந்துவிட்டதே, இதைப் போய் எறிவானேன் என்று கடைசிச் சீட்டு வரை கட்டிக்கொண்டே போவார். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் ஆடினேன். 5-5 வைத்துக்கொண்டு, தரையில் ராஜாவும் ராணியும் கிடக்கும்போதுகூட "இவன் சும்மா மிரட்டுகிறான்" என்று மூன்று முறை கால் பண்ணியிருக்கிறேன் (அவர் கட்டியதை நானும் கட்டியிருக்கிறேன்). ஒருவர்கூட மிரட்டவில்லை.

2-2 முதல் 6-6 வரை உள்ள ஜோடிகளை எப்போது ஆடலாம் என்பது மட்டும்தான் இங்கே விஷயம். ஃப்ளாப் (தரையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது), பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டும் கட்டாயத் தொகை) போன்ற அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று: இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் பணமில்லாமல் வீட்டில் ஆடிப் பழகுங்கள். சிப்ஸ் இல்லையென்றால் புளியங்கொட்டை போதும்.

படி 1: கையில் இருப்பது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரம்மி ஆடியவர்களுக்கு இது சுலபம். ஒரே எண்ணில் மூன்று சீட்டு சேர்ந்தால் அங்கே செட் என்போம். இங்கேயும் அதே பெயர்தான். கையில் 4-4 இருந்து தரையில் இன்னொரு 4 விழுந்தால் செட். சின்ன ஜோடியை நாம் ஆடுவதே அநேகமாக அந்த மூன்றாவது சீட்டுக்காகத்தான்.

வெறும் ஜோடியாகவே அது ஜெயிக்காதா? ஜெயிக்கும், ஆனால் நிம்மதியாக இல்லை. 6-6 இருந்தால்கூட ஃப்ளாப்பின் மூன்று சீட்டில் ஒன்றாவது 6-ஐ விடப் பெரியதாக இருக்க 96 சதவீதம் வாய்ப்பு. 2-2 பற்றிச் சொல்லவே வேண்டாம், சீட்டுக்கட்டில் மற்ற எல்லாமே அதற்குப் பெரியதுதான். கையில் 3-3 இருக்கும்போது தரையில் ராஜா, ராஜா, 9, 9 என்று விழுந்தால் உங்கள் ஜோடி இருந்தும் இல்லாத மாதிரி. தரையிலேயே அதைவிடப் பெரிய இரண்டு ஜோடி இருக்கிறதே!

படி 2: 17 முறைக் கணக்கு

ஃப்ளாப்பில் செட்டோ அதைவிடப் பெரியதோ விழ வாய்ப்பு 11.8 சதவீதம். எனக்குச் சதவீதம் மண்டையில் நிற்காது. 17 முறை பார்த்தால் 2 முறை விழும், 15 முறை விழாது என்று வைத்துக்கொள்கிறேன். அது கிட்டத்தட்ட துல்லியமான கணக்கும்கூட.

இப்போது ஒரு மேசை. பிளைண்ட் 10, 20. ஒருவர் 60-க்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), உங்களுக்கு முன்னால் மற்றவர்கள் ஃபோல்டு (சீட்டை எறிந்துவிட்டார்கள்). நீங்கள் டீலர் இடத்தில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியில் பேசும் இடம்), கையில் 4-4. கால் பண்ண 60 வேண்டும். இதே நிலைமை 17 முறை வந்தால், விழாத 15 முறையில் 15 × 60 = 900 போய்விடும். விழுந்த இரண்டு முறையில் அதை மீட்க வேண்டும், அதாவது ஒவ்வொரு முறையும் 450. பிளைண்ட் கட்டிய இருவரும் எறிந்துவிட்டால் நடுவில் ஏற்கெனவே 90 கிடக்கும். மீதி 360-ஐ எதிராளி உங்களுக்குத் தர வேண்டும். அதுவும் லாபமில்லை, கைக்காசு திரும்பியது, அவ்வளவுதான்.

படி 3: எதிராளியின் ஸ்டாக்கை (முன்னால் இருக்கும் சிப்ஸை) எண்ணுங்கள்

புதியவர்கள் தன் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், எதிராளியின் சிப்ஸைப் பார்க்க மாட்டார்கள். சின்ன ஜோடியில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

நான் பின்பற்றுவது 15 மடங்கு விதி. கால் பண்ண ஆகும் தொகையை 15-ஆல் பெருக்குங்கள். உங்கள் ஸ்டாக், எதிராளியின் ஸ்டாக் இரண்டில் எது சிறியதோ அது இதற்குக் குறையாமல் இருந்தால் கால். இல்லையென்றால் ஃபோல்டு. மேலே சொன்ன மேசையில் 60 × 15 = 900. இருவரிடமும் 2,000 இருந்தால் தயங்காமல் போகலாம். அவரிடம் மீதி 500 மட்டும் என்றால் வேண்டாம். செட் விழும்போதெல்லாம் அவர் கிட்டத்தட்ட மொத்தத்தையும் கொட்டினால்தான் நமக்குக் கட்டுப்படியாகும், அப்படி எப்போதும் கொட்ட மாட்டார்.

கணக்கு ஏழரை மடங்குதானே கேட்டது, ஏன் 15? ஒவ்வொரு முறையும் எதிராளி முழுசாகக் கொடுக்க மாட்டார். அவர் ஏஸ்-ராஜா வைத்திருந்தால் மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் அவருக்கு ஒன்றும் பொருந்தாது. நீங்கள் பந்தயம் கட்டியதும் எழுந்துவிடுவார். சில சமயம் செட்டே தோற்றும் போகும். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் இந்த இரட்டிப்பு.

இதே விதி இன்னொரு தலைவலியையும் தீர்க்கிறது. நீங்கள் 60 ரெய்ஸ் செய்து, ஒருவர் அதை 220 ஆக்கினால்? இன்னும் 160 போட வேண்டும். 160 × 15 = 2,400. மேசையில் 2,000தான் இருக்கிறது. எறிந்துவிடுங்கள்.

படி 4: எதிரில் யார்?

இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். செட் தேடிப் போகும்போது பலமான கையோடு இருப்பவர்தான் நமக்கு நல்லவர். முதல் இடத்தில் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் ரெய்ஸ் செய்கிற கறார் பேர்வழியிடம் ராணி ஜோடியோ ஏஸ் ஜோடியோ இருக்கும். அதை அவரால் எறிய முடியாது, கடைசி வரை கொடுப்பார். எல்லாக் கையையும் ரெய்ஸ் செய்கிறவரிடம் பாதி நேரம் ஒன்றுமே இருக்காது, நமக்குக் கொடுக்கவும் மாட்டார்.

இடமும் முக்கியம். கடைசியில் பேசுகிறவருக்கு மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி உண்டு. ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாக 2-2, 3-3 வந்தால் புதியவர் எறிவதே நல்லது. பின்னாலிருந்து யார் ரெய்ஸ் செய்வார் என்று தெரியாது. டீலர் இடம் வரை யாருமே உள்ளே வரவில்லையா? அப்போது நீங்களே ரெய்ஸ் செய்யலாம், பிளைண்ட்கள் இரண்டும் எழுந்துபோக நிறைய வாய்ப்பு.

படி 5: ஃப்ளாப் விழுந்த பிறகு

விழவில்லை, எதிராளி பந்தயம் கட்டுகிறார்: ஃபோல்டு. "இன்னும் ஒரு சீட்டு பார்ப்போமே" என்று தோன்றும். டர்னில் அந்த மூன்றாவது சீட்டு வர 47-இல் 2தான் வாய்ப்பு. நான் சொன்னதிலேயே கஷ்டமான படி இது.

விழுந்துவிட்டதா? பதுங்காதீர்கள், பந்தயம் கட்டுங்கள். செட்டை மறைத்துவைத்துக் கடைசியில் பாய வேண்டும் என்று பலர் காத்திருந்து, இலவசமாகச் சீட்டு காட்டி, எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர விட்டுவிடுவார்கள். எதிராளிக்கு உங்களைவிடப் பெரிய செட் இருக்குமோ என்ற பயமும் வேண்டாம். இருவர் கையிலும் வெவ்வேறு ஜோடி இருந்தால்கூட ஒரே ஃப்ளாப்பில் இருவருக்கும் செட் விழுவது 100-இல் ஒரு முறைதான்.

டோர்னமென்ட்டில் ஸ்டாக் பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் 15 மடங்கெல்லாம் செல்லாது. உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வராதபோது ஆல்-இன் (இருப்பதையெல்லாம் கட்டிவிடுவது), இல்லையென்றால் ஃபோல்டு. ஏஸ்-ராஜா எதிரில் வந்தால் கிட்டத்தட்ட சரிபாதி. பெரிய ஜோடி வந்தால் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. 2009 உலகப் போக்கர் தொடரின் இறுதி மேசையில் 21 வயது ஜோ காடா 3-3 வைத்து ஜாக் ஜோடியையும், பிறகு 2-2 வைத்து ராணி ஜோடியையும் எதிர்த்து ஆல்-இன் ஆனார். இரண்டு முறையும் செட் விழுந்தது, பட்டமும் கிடைத்தது. இரண்டும் பலிக்க சுமார் 30-இல் 1தான் வாய்ப்பு. பார்க்க நன்றாக இருக்கும், அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

படி 6: வீட்டுப்பாடம்

கட்டிலிருந்து இரண்டு 4-ஐ எடுத்துத் தனியே வையுங்கள். மீதி 50 சீட்டைக் கலைத்து மேலே மூன்றைத் திருப்புங்கள். 4 வந்ததா என்று குறித்துக்கொண்டு மறுபடி கலையுங்கள். 34 தடவை செய்தால் நாலு தடவை வர வேண்டும். நான் செய்தபோது முதல் இருபதில் ஒன்றுகூட வரவில்லை.