மென்பொருள்கள் சி டிரைவிலேயே குவியாமல் இருக்க: நிறுவும் இடத்தை மாற்றும் முறை

விண்டோஸுக்கென்று 128 அல்லது 256 ஜிபி அளவுள்ள ஓர் எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு வட்டு), கோப்புகளுக்கென்று 1 டிபி ஹார்ட் டிஸ்கும் வைத்திருக்கும் கணினிகள் பல வீடுகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. புதிதாக நிறுவப்படுபவை எல்லாம் வழக்கமாக சி டிரைவுக்கே போய்ச் சேர்வதால், டி டிரைவ் காலியாகக் கிடக்கும்போதே இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய ஒரே பொத்தான் இருக்கும் என்று தேடுவது வீண்; மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலி, சாதாரண மென்பொருள், விளையாட்டு, சொந்தக் கோப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாற்றும் இடம் வேறு.

ஸ்டோர் செயலிகளுக்கான வழி எளியது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்றால், புதியவை எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் பக்கம் கிடைக்கும். அதில் செயலிகளுக்கு எதிரே டி டிரைவைத் தேர்ந்தெடுத்து அப்ளையை அழுத்தினால் போதும். அந்த டிரைவ், விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிறகு டி டிரைவில் விண்டோஸ்ஆப்ஸ் என்ற கோப்புறை தோன்றும். அதைத் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுவது இயல்பே, அதை அழிக்க முற்பட வேண்டாம். இந்த மாற்றம் இனி நிறுவுபவற்றுக்கு மட்டுமே பொருந்தும். முன்பே உள்ள செயலியை, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலில் அதன் மூன்று புள்ளிகளை அழுத்தி, மூவ் என்ற தெரிவு இருந்தால் இடம் மாற்றலாம்.

இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் சாதாரண மென்பொருள்களை இந்த அமைப்பு கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு, நிறுவும் நேரத்தில்தான் இடத்தைச் சொல்ல வேண்டும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போகும் பழக்கத்தை விட்டு, கஸ்டம் அல்லது அட்வான்ஸ்டு என்ற தெரிவைப் பாருங்கள். பாதை தெரியும் பெட்டியில் முதலெழுத்தான சியை மட்டும் டி என்று மாற்றிவிட்டு, மீதிப் பாதையை அப்படியே விடுவது எனக்குச் சிறந்ததாகப் படுகிறது, ஏனெனில் அப்போது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனிக் கோப்புறையில் அமரும். குரோம், மைக்ரோசாஃப்ட் 365 போன்றவை இடத்தைக் கேட்பதே இல்லை. அவற்றை சி டிரைவிலேயே விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், மென்பொருள்கள் வழக்கமாக அமரும் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையின் பாதையைத் திருத்தினால் எல்லாமே தானாக டி டிரைவுக்குப் போகும் என்று ஒரு குறிப்பு பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அம்மதிப்பைத் திருத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அப்படிச் செய்தால் தன் மென்பொருள்களிலும் புதுப்பிப்புகளிலும் சிக்கல் வரலாம் என்றும் மைக்ரோசாஃப்டே தெரிவித்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓரெழுத்தை மாற்றும் சிரமத்துக்காக அந்த அபாயத்தை ஏற்பது தேவையற்றது. நிறுவி முடித்த மென்பொருளின் கோப்புறையை வெட்டி ஒட்டி நகர்த்துவதும் இதே வகைத் தவறுதான்: குறுக்குவழிகளும் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளும் பழைய பாதையையே காட்டிக்கொண்டிருக்கும். நான் ஒரு முறை அப்படி நகர்த்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் மறுபடி நிறுவுவதில் கழித்தேன். நீக்கிவிட்டுப் புதிய இடத்தில் நிறுவுவதே நேர்வழி.

விளையாட்டுகள்தாம் அதிக இடம் பிடிப்பவை. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டிவிடும். விளையாட்டுகளை வாங்கி இறக்க உதவும் ஸ்டீம் செயலியில், செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் பகுதியில் டி டிரைவைச் சேர்த்து, அதையே இயல்பான இடமாகக் குறிக்கலாம். ஏற்கெனவே உள்ளவற்றையும் அங்கிருந்தே நகர்த்தலாம். ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டியைவிட மெதுவானது என்பதால், நகர்த்திய விளையாட்டு திறக்கக் கூடுதல் நேரம் எடுக்கும்.

சொந்தக் கோப்புகளுக்கு, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலுக்குச் சென்று மூவை அழுத்த வேண்டும். அதற்கு முன் டி டிரைவில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை உருவாக்கிக்கொள்ளுங்கள். டிரைவையே நேரடியாகச் சுட்டினால் டி டிரைவ் முழுவதுமே டாக்குமென்ட்ஸ் கோப்புறையாகக் கருதப்பட்டு, பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாடாகிவிடும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் அக்கோப்புறையைக் காப்புப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். மென்பொருள்கள் தம் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்டேட்டா கோப்புறையை மட்டும் தொடாதீர்கள்.

இவற்றையெல்லாம் தொடங்கும் முன், வட்டுகளையும் அவற்றின் பகுதிகளையும் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டி என்பது தனி வட்டா அல்லது ஒரே வட்டின் மற்றொரு பகுதியா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே வட்டாக இருந்தால், அது பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். கழற்றி மாட்டும் யுஎஸ்பி டிரைவில் மென்பொருள் நிறுவ வேண்டாம், அதன் எழுத்து மாறினாலே எல்லாக் குறுக்குவழிகளும் அறுந்துவிடும். டி டிரைவில் நிறுவியிருப்பதால் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினாலும் மென்பொருள்கள் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். கோப்புகள் அங்கேயே இருக்கும், ஆனால் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகள் போய்விடுவதால் பெரும்பாலானவற்றை மீண்டும் நிறுவத்தான் வேண்டும். ஸ்டீம் விளையாட்டுகள் மட்டும், பழைய கோப்புறையை மறுபடி சேர்த்துவிட்டால், திரும்ப இறக்காமலே பட்டியலில் வந்துவிடும்.