எந்த வாசல், எந்த மாதம்? மாநகராட்சியிடம் போகும்போது சென்னைவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழையே இல்லாத பிப்ரவரி மாதம். எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் பத்து நாளாகத் தண்ணீர் தேங்கி நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். “மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது, தூர்வாருங்கள்” என்று மூன்று முறை எழுதினேன். வார்டின் உதவிப் பொறியாளர் ஆளோடு வந்து, சாலையோரத்துச் சிமென்ட் சிலாப்பைத் தூக்கிக் காட்டினார். உள்ளே காய்ந்த மண்ணும் இரண்டு தேங்காய் மட்டையும்தான் கிடந்தன. ஈரமே இல்லை. பிறகு தெரு நடுவில் இருந்த வட்ட இரும்பு மூடியருகே கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொன்னார். மூடியின் விளிம்பெல்லாம் சோப்பு நுரை.

“மழை இல்லாம நுரை எங்கேருந்தும்மா வரும்? இது மெட்ரோ வாட்டர் லைன். நீங்க அங்கே சொல்லியிருந்தா அன்னிக்கே லாரி வந்திருக்கும்” என்றார்.

அந்தப் பத்து நாளும் என் புகாரால்தான் வீணானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தச் சாக்கடை நீரில்தான் நடந்து போனார்கள். அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த வேலை யாருடையது, எந்த மாதத்தில் நடப்பது என்று எழுதி வைக்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் எந்த வேலைக்கும் ஒரு வாசலும் ஒரு பருவமும் உண்டு. நம் புகார்களில் பாதி, நியாயமாக இருந்தும், வாசல் மாறியோ மாதம் தப்பியோ போவதால்தான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன.

எல்லாமே கார்ப்பரேஷன் என்று நினைப்பது

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நாம் மெட்ரோ வாட்டர் என்பது அதைத்தான். ஆகவே ஒரே தெருவில் தரைக்கடியில் ஓடும் இரண்டு குழாய்களுக்கு இரண்டு முதலாளிகள். அடையாளம் எளிது. ஓரத்தில் சிலாப் போட்டு மூடியிருப்பது மழைநீர் வடிகால், அது மாநகராட்சியுடையது, புகாருக்கு 1913. நடுவில் வட்ட மூடியோடு இருப்பது கழிவுநீர் மேன்ஹோல், அது மெட்ரோ வாட்டருடையது, புகாருக்கு 1916 அல்லது 044-45674567. மழையில்லாத நாளில் வடிகாலுக்குள்ளேயே சாக்கடை ஓடினால் யாரோ ஒரு கட்டடத்தார் கழிவுநீரை அதில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது மட்டும் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். ஓர் இடத்தில் கொடுத்த புகார் எண்ணை மற்றதிலும் குறிப்பிடுங்கள்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. விளக்கோடு வீடுகளும் இருண்டிருந்தால், அல்லது பில்லர் பாக்ஸின் (தெருவோர மின்பெட்டியின்) கதவு திறந்து கிடந்தால் அது ஈ.பி.; அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மழைக்காலத்தில் திறந்த பில்லர் பாக்ஸ் ஆளைக் கொல்லும். அதைப் பார்த்தவர் வேறு யாராவது சொல்லட்டும் என்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சாலையிலும் இதே கதைதான். உட்தெருக்கள் மாநகராட்சியின் கையில். அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். ஓ.எம்.ஆர். தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் கையில். கூவமும் அடையாறும் நீர்வளத் துறையின் கையில்.

இன்னொரு குழப்பம் பின்கோடு. முகவரியில் ‘சென்னை - 600 044’ என்று இருப்பதால் குரோம்பேட்டை சென்னை மாநகராட்சி ஆகிவிடாது, அது தாம்பரம் மாநகராட்சி. ஆவடிக்குத் தனி மாநகராட்சி. மாங்காடும் குன்றத்தூரும் பூந்தமல்லியும் நகராட்சிகள். வாடகைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் தாள் சொத்துவரி ரசீது. எந்த உள்ளாட்சி, எந்த மண்டலம், எந்த வார்டு என்று அதில் தெளிவாக இருக்கும்.

நவம்பரில் தூர்வாரச் சொல்வது

இதுதான் பெரிய தவறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வாசலேறிய பிறகு எந்தப் பொறியாளராலும் வடிகாலைத் தூர்வார முடியாது, மோட்டார் வைத்து இறைக்கத்தான் முடியும். தூர்வாரும் வேலை கோடையில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிய வேண்டியது. எனவே சங்கத்துக்காரர்கள் தெருவில் இறங்க வேண்டிய மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும்தான். அப்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா? எடுத்த வண்டலை ஓரத்தில் குவித்துவிட்டுப் போய்விட்டார்களா, அள்ளிக்கொண்டு போனார்களா? குவியலாக விட்டால் அடுத்த தூறலில் அது முழுக்கத் திரும்ப உள்ளேயே போகும். மூன்றாவதாக, உங்கள் தெரு வடிகால் எந்தப் பெரிய வடிகாலில் அல்லது கால்வாயில் போய்ச் சேருகிறது? அந்த முகத்துவாரம் அடைத்திருந்தால் உங்கள் தெருவை எத்தனை முறை சுத்தம் செய்தும் பயனில்லை. எங்கள் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேர் சேர்ந்து தண்ணீர் போகும் வழியை நடந்தே பார்த்தோம். அடைப்பு எங்கள் தெருவில் இல்லை, நான்கு தெரு தள்ளி ஒரு கல்வெர்ட்டுக்கு அடியில் இருந்தது. அதன் படத்தோடு மனு கொடுத்த பிறகுதான் வேலை சரியான இடத்தில் நடந்தது.

மழைக்காலத்தில் சாலை வெட்ட அனுமதியை நிறுத்தி வைப்பது வழக்கம். புதிய குடிநீர் இணைப்பு, கேபிள் என்று எதற்குத் தோண்ட வேண்டியிருந்தாலும் விண்ணப்பத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதேபோல், புதுச் சாலை போடும் காலம் மழை ஓய்ந்த பிறகுதான். போடும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே புதிதாகப் போட வேண்டும், இதை மில்லிங் என்பார்கள். சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் சாலை உயரும், வீடு பள்ளத்தில் இறங்கும். சுரண்டுவதற்கு முன்பே வாசற்படியின் மேல்முனையிலிருந்து சாலை வரை டேப்பை வைத்து அளந்து, அந்த டேப்போடு ஒரு படம் எடுத்து வையுங்கள். புதுச் சாலை போட்ட பின் அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வாய்ச்சண்டைக்கு இடமே இருக்காது.

மாதக் கணக்கை அப்படியே நம்புவதும், அப்படியே தள்ளுவதும்

துறைகள் மாதந்தோறும் கணக்குச் சொல்கின்றன. இத்தனை கி.மீ. தூர்வாரினோம், இத்தனை டன் குப்பை அகற்றினோம், இத்தனை புகார்களுக்குத் தீர்வு கண்டோம் என்று செய்தி வரும். “எல்லாம் பொய்க் கணக்கு” என்று தூக்கிப்போடுகிறவர்கள் ஒரு நல்ல ஆயுதத்தைத் தூக்கிப்போடுகிறார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்க முடியும்.

எண்ணைப் படிக்கும்போது முதலில், எத்தனையில் இத்தனை என்று கேளுங்கள். மாநகராட்சியின் மழைநீர் வடிகால்கள் 2,500 கி.மீ.க்கும் அதிகம். ஒரு மாதத்தில் 100 கி.மீ. முடிந்தது என்றால் அது பெரிய வேலையா, சின்ன வேலையா என்பது அந்த மொத்தத்தையும் மிச்சமிருக்கும் மாதங்களையும் வைத்தே தெரியும். அடுத்து, போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். சொத்துவரி வசூல் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஏறும், நடுமாதங்களில் இறங்கும். புகார் எண்ணிக்கை மழைக்காலத்தில் ஏறும். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் புகாருக்குத் ‘தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தும் வேலை நடக்கவில்லை என்றால், கோபத்தோடு விட்டுவிடாதீர்கள். அன்றே, அன்றைய படத்தோடு, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். பேசாமல் இருந்தால் மாதக் கணக்கில் உங்கள் பள்ளமும் மூடிய பள்ளமாகத்தான் ஏறும். ஒரே புகாரில் குப்பை, விளக்கு, நாய், பள்ளம் என்று நான்கையும் எழுதுவதும் வேண்டாம். புகார் ஒரு துறைக்குத்தான் போகும். அந்தத் துறை தன் வேலையை முடித்ததும் நான்கும் முடிந்ததாகிவிடும்.

அளவில் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். “ஏன் வேலை செய்யவில்லை?” என்று கேட்டால் பதில் வராது. “இந்தத் தெருவில் இந்த வேலைக்கான எம்-புக் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். பொறியாளர் அளவுகளைக் குறித்து வைக்கும் புத்தகம் அது. பில் தொகை அதை வைத்தே போகிறது. நடந்த வேலையை நேரில் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது.

கொசு மருந்துப் புகையைக் கேட்பது

கொசு பெருகினால் கவுன்சிலரிடம் நாம் கேட்பது புகை வண்டி. புகை, பறக்கும் கொசுவில் கொஞ்சத்தைக் கொல்லும், அவ்வளவுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கிறது. அதனால்தான் சுகாதாரத் துறையிலிருந்து வாராவாரம் வீடு வீடாக வருகிறார்கள். அவர்களை “எங்க வீட்டுல எல்லாம் சுத்தம்” என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவதுதான் நாம் செய்யும் தவறு. எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு அப்படி ஓர் அம்மா டார்ச்சோடு வந்தார். நேரே சமையலறைக்குப் போய் பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். பின்னால் இருந்த தட்டில் விரல் கணுவளவு தண்ணீர். டார்ச் வெளிச்சம் பட்டதும் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்து அடியில் போயின. அந்த வீட்டுக் குழந்தை போன மாதம்தான் காய்ச்சலில் இருந்து எழுந்திருந்தது.

பிறப்பும் வரியும்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போவது நம் வழக்கம். பிள்ளை பிறந்தது மதுரை என்றால் பதிவும் மதுரையில்தான். பிறந்த இடத்தில்தான் பதிவு, பெற்றோர் குடியிருக்கும் இடத்தில் இல்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். மருத்துவமனையில் நீட்டும் படிவத்தை அவசரத்தில் யாரோ நிரப்ப விடாதீர்கள். அம்மா, அப்பா பெயரும் முன்னெழுத்தும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலையும் அலைச்சல் எல்லாம் அந்த ஒரு தாளில் தொடங்குகிறது.

சொத்துவரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை குறையும். அதைக் கட்டியதும் மெட்ரோ வாட்டர் வரியும் கட்டியாயிற்று என்று நினைக்காதீர்கள், அது தனி. பழைய வீடு வாங்கியவர்கள் பத்திரம் முடிந்த கையோடு இரண்டிலும் பெயர் மாற்றிவிட வேண்டும்.

மன்றக் கூட்டத்துக்கு முந்தைய நாள் ஓடுவது

மாமன்றக் கூட்டம் ரிப்பன் மாளிகையில் மாதந்தோறும் நடக்கிறது. அதற்கு முந்தைய நாள் கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டமாக நின்று பயனில்லை. ஒரு வேலை தீர்மானமாக வருவதற்கு முன் மதிப்பீடு போட வேண்டும், மண்டலத்திலிருந்து கோப்பு போக வேண்டும், நிலைக்குழு பார்க்க வேண்டும். எனவே கேட்பதை இரண்டு மூன்று மாதம் முன்பே, எழுத்தில் கேளுங்கள். வடிகாலுக்கு மார்ச், சாலைக்கு ஆகஸ்ட் என்று நான் என் நோட்டில் வைத்திருக்கிறேன். தேர்தல் வேலை வந்தால் அலுவலர்கள் அதற்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக இருப்பது பகுதி சபை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போரைக் கூட்டி நடத்தும் கூட்டம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகக் கூடியது. நம் தெருவைப் பற்றி நாமே எழுந்து பேசக்கூடிய ஒரே கூட்டம் அது. எங்கள் பகுதியில் போன முறை நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. அடுத்த கூட்டத் தேதியை வார்டு அலுவலகத்தில் கேட்டு, அடுக்ககத்தின் லிப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். போகும்போது மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் உள்ள அடையாளம், தேதி போட்ட படம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.