பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறவுங்கள்: பழைய அலுமினிய மீன்பிடிப் படகைச் சீராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்டாரியோவில் பனி உருகி ஏரிகள் திறந்ததும் வீட்டு வாசல்களில் பழைய அலுமினியப் படகுகள் விற்பனைக்கு வந்து நிற்கும். 12 அடி அல்லது 14 அடி நீளம், கூரான முன்பக்கம், உள்ளே குறுக்காக இரண்டு மூன்று இருக்கைகள், பின்னால் ஒரு சின்ன எஞ்சின் மாட்ட இடம். விலையும் குறைவு, சாதாரணக் காரிலேயே இழுத்துக்கொண்டும் போகலாம். சிம்கோ ஏரியில் பெர்ச் பிடிக்கவும் கவார்தா ஏரிகளில் வால்ஐ பிடிக்கவும் இதற்கு மேல் ஒரு படகு தேவையே இல்லை என்பது என் கருத்து.

இந்தப் படகுகளின் ஆயுள் பெரியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குப் போர்விமானம் செய்து கொடுத்த க்ரம்மன் நிறுவனம், 1945இல் விமானம் செய்த அதே கைப்பழக்கத்தில் தகடும், தகடுகளை இணைக்கும் தலையுள்ள ஆணியான ரிவெட்டும் வைத்து அலுமினியக் கனூ என்ற துடுப்புப் படகு செய்ய ஆரம்பித்தது. மினசோட்டாவில் லண்ட் நிறுவனம் 1948இல் தொடங்கியது. ஐம்பது வயது தாண்டிய ரிவெட் படகுகள் இன்றும் ஏரிகளில் ஓடுகின்றன. காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். நன்னீரில் அந்தப் படலமே தகட்டுக்குப் போதுமான காவல். பெயின்ட் முழுக்க உதிர்ந்துபோன படகும் நன்றாகவே மிதக்கும்.

அப்படியானால் இவை கெட்டுப்போவது எதனால்? பெரும்பாலும் தகட்டை ஒட்டி வைத்த பொருள்களால்: ஈரம் ஊறிய மரம், தண்ணீர் குடித்த ஃபோம், செம்பு, இரும்பு. படகு வாங்கிய முதல் வாரத்திலேயே பெயின்ட் வாங்கப் போகிறவர்கள் இவற்றை எல்லாம் அப்படியே உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டித்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஒழுகுமிடம் தெரியாமல் அடைப்பது

முதலில் செய்ய வேண்டியது தண்ணீர்ச் சோதனை. ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம். டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் பிளக்கைப் போட்டு, படகுக்குள்ளே தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டு விளிம்புவரை நிரப்புகிறவர்கள் உண்டு. ஒரு கன அடித் தண்ணீர் ஏறக்குறைய 28 கிலோ. உள்தரை 12 அடி நீளம், 4 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் அரை அடித் தண்ணீரே 680 கிலோ ஆகிவிடும். டிரெய்லரில் இரண்டு நீளக் கட்டைகளின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகடு அந்தப் பாரத்தில் வளையும், நன்றாக இருந்த ரிவெட்டும் தளரும். நடுவிலும் ஓரங்களிலும் மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, நாலைந்து அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்காது. படகின் அடியில் நீளவாக்கில் இருக்கும் நடுமுதுகை ஒட்டித் தண்ணீர் ஓடி வந்து இரண்டு அடி தள்ளித்தான் சொட்டு விழும். அதனால் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, ரிவெட் வரிசை மேல் சாதாரணச் சாக்பீஸைத் தேய்த்து விடுங்கள். எந்த ரிவெட்டைச் சுற்றி வெள்ளை முதலில் கருக்கிறதோ அதுதான் ஆள். அழியாத பேனாவால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையிலேயே சில ரிவெட்டுகள் தங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். தலையைச் சுற்றி, தண்ணீர் ஓடும் திசையில் கறுப்பாக மைக்கோடு இழுத்தாற்போல் ஒரு கறை இருக்கும். தளர்ந்த ரிவெட் ஓட்டத்தில் ஆடி ஆடி, உலோகம் உரசி வரும் பொடி அது. விரல் நகத்தை வைத்தால் தலை லேசாக அசைவதுகூடத் தெரியும்.

இப்படிப்பட்ட ரிவெட்டை என்ன செய்வது? இங்கேதான் மூன்று தவறுகள் வரிசையாக நடக்கின்றன. முதலாவது, வெளியே சிலிக்கோனைப் பூசுவது. தளர்ந்த ரிவெட் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் அது ஒரு சீசன் தாங்கினாலே பெரிது. பிறகு அந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. குளியலறைக்கு விற்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் என்றால் அதிலிருந்து வரும் அமிலம் தகட்டுக்கும் ஆகாது. இரண்டாவது, கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டைப் போடுவது. அதன் நடுவே துளை உண்டு, தண்ணீர் அதன் வழியாகவே வரும். உள்ளே தங்கும் இரும்புத் தண்டு துருப்பிடித்து மேலும் கெடுக்கும். மூன்றாவது, வெல்டிங் கடைக்குக் கொண்டுபோவது. பழைய தகட்டின் இடுக்குகளில் எண்ணெய், அழுக்கு, பழைய பசை எல்லாம் இருக்கும், வெல்டிங் சுத்தமாகப் பிடிக்காது. சூட்டில் பக்கத்து ரிவெட்டுகளும் தளர்ந்துவிடும். தகடு கிழிந்திருந்தால் மட்டும், அலுமினியத்தில் கை தேர்ந்தவரிடம் கேளுங்கள்.

சரியான வழி பழைய வழிதான். ஒருவர் உள்ளே ரிவெட்டின் வாலில் கனமான இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தலையில் அடித்து இறுக்குவது. தளர்ந்தது பெரும்பாலும் இதிலேயே இறுகிவிடும். இறுகாவிட்டால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு, ஓட்டை அகன்றிருந்தால் ஒரு அளவு பெரிய அலுமினிய ரிவெட்டைக் கடல்படகுப் பசை தடவிப் போடலாம். உள்ளே கை போகாத இடத்துக்கு, முனை மூடிய பாப் ரிவெட் என்று தனியாக இருக்கிறது, அதைப் பசையோடு போடலாம். எல்லாம் முடிந்தபின் தகடுகள் சேரும் உள்பக்கத் தையல்களில் குளுவிட் போன்ற, காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும் எபாக்ஸிப் பசையைப் பூசுவது நல்ல காப்பு. ரிவெட்டை இறுக்காமல் அதை மட்டும் பூசினால் பயன் குறைவு.

பின்பலகையும் பச்சை மரமும்

எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை, அதாவது டிரான்ஸத்தை, நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக வைப்பேன். ரிவெட் ஒழுகினால் தண்ணீரை இறைத்துவிடலாம். ஏரி நடுவில் டிரான்ஸம் விட்டுக்கொடுத்தால் எஞ்சினோடு படகின் பின்புறமே போகும். வெளியே பளபளவென்று தகடு தெரியும், உள்ளே இருக்கும் பிளைவுட் கறுத்து மக்கிப் போயிருக்கும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல மரம் கணீரென்று சொல்லும், மக்கியது மொத்தென்று ஒலிக்கும். எஞ்சின் மாட்டியிருந்தால் அதன் கீழ்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். டிரான்ஸம் வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

பலகையை மாற்றும்போது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. மக்காத மரமாகப் போட்டால் தொல்லை விட்டது என்று, வீட்டு டெக் கட்டும் பச்சை நிற பிரஷர் ட்ரீட்டட் பிளைவுட்டைப் போட்டுவிடுவார்கள். பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் இருக்க அந்த மரத்துக்குள் ஏற்றியிருப்பது செம்பு உப்பு. முன்பு செம்போடு ஆர்செனிக்கும் குரோமியமும் சேர்த்த கலவை இருந்தது. 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்தியபின் வந்த கலவைகளில் செம்பு இன்னும் கூடுதல். மரம் நனையும், செம்பு கரைந்து அலுமினியத்தின் மேல் படியும். இரு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு பேட்டரிதான், அதில் கரைவது எப்போதும் அலுமினியம். சில வருடத்தில் தகடு உள்ளிருந்து குழிகுழியாக வெள்ளைப் பொடி தள்ளும். மரம் மட்டும் அப்படியே இருக்கும்.

சாதாரண வெளிப்புறப் பிளைவுட் அல்லது மரைன் பிளைவுட் போதும். பல படகுகளில் முக்கால் அங்குலப் பலகை இரண்டை எபாக்ஸியால் ஒட்டி ஒன்றரை அங்குலம் ஆக்கினால் பொருந்தும். ஆனாலும் பழைய பலகையின் கனத்தை அளந்துவிட்டே வாங்குங்கள். அந்தப் பழைய பலகையை உடைத்து எடுக்காமல் முழுசாகக் கழற்றினால் அதுவே அச்சு. எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டு ஓரங்களில், எபாக்ஸியை இரண்டு மூன்று தடவை ஊறவிட்டுப் பூச வேண்டும். போல்ட் ஓட்டைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைத்தால் தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது. பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இதைச் செய்யாத பலகைகள் அந்த ஓட்டைகளிலிருந்துதான் மக்க ஆரம்பிக்கின்றன.

ஒரு நாணயம் போதும்

தரைப்பலகையைக் கழற்றிய ஒரு படகில் நான் பார்த்தது: அடித்தகட்டின் மடிப்பில் பச்சை பூத்த ஒரு கனேடிய ஒரு சென்ட் நாணயம். அதைக் கத்தியால் நெம்பி எடுத்ததும் கீழே அதே வட்டத்தில் வெள்ளைக் கூழ், கூழைத் துடைத்தால் நடுவில் ஊசி போகும் அளவு ஓட்டை. 1996 வரை வந்த அந்தச் சென்ட் 98 விழுக்காடு செம்பு. டிரான்ஸப் பலகை விஷயத்தில் நடப்பதேதான் இங்கும். விழுந்த நாணயம், பித்தளைத் தூண்டில் உறுப்பு, ஈயக்குண்டு எதையும் தரைக்கு அடியில் விட்டுவைக்காதீர்கள்.

இதே காரணத்துக்காக, பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்பு கலந்த அடிப் பெயின்ட் அலுமினியப் படகுக்கு ஆகாது. இரும்புக் கம்பித் தூரிகையாலும் ஸ்டீல் வூலாலும் தேய்த்தால் துகள் தகட்டில் பதிந்து துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம், ஆனால் நைலான் வாஷரோ பசையோ நடுவில் இருக்கட்டும். விளக்கும் பம்பும் இணைக்கும்போது, காரில் செய்வதுபோல் உடலையே ஒரு வயராகப் பாவிப்பது பெரிய ஆபத்து. கசியும் மின்சாரம் ஒரே சீசனில் தகட்டைத் தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர் தனித்தனியாக, பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ், அவ்வளவுதான். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளும் பச்சை மரமா என்று பார்த்துவிடுங்கள், ஈரக் கம்பளத்துக்குள் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஃபோம்

இருக்கைகளுக்குள்ளும் தரைக்கு அடியிலும் இருக்கும் ஃபோம், படகு தண்ணீரால் நிறைந்தாலும் மூழ்காமல் பிடித்துவைக்க இருப்பது. ஒரு கன அடி நல்ல ஃபோம் ஏறக்குறைய 27 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். பழைய ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொண்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். படகு கனத்துப்போகும், குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து தையல்களைத் தள்ளும். ஒரு துண்டு வெட்டிப் பிழிந்து பாருங்கள், தண்ணீர் வந்தால் எடுத்துவிடுங்கள்.

எடுத்தபின் இடத்தைக் காலியாக விடுவதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. சாமான் வைக்க இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த, வெளியே எஞ்சின் மாட்டும் (அவுட்போர்டு) படகுகள் தண்ணீர் நிறைந்தாலும் சமமாக மிதக்க வேண்டும் என்ற விதி 1978 ஆகஸ்ட்டிலிருந்து தயாரிக்கப்பட்டவற்றுக்கு வந்தது, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மனிதர் பிடித்துத் தொங்க ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான். எடுத்த அளவு திரும்பப் போடுங்கள். ஜன்னல் இடுக்கு அடைக்கும் ஸ்ப்ரே ஃபோம் இதற்கு உதவாது. நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் பாலிஸ்டைரீன் பலகை நல்லதே, ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும், எனவே டாங்க் பக்கம் வேண்டாம். எதைப் போட்டாலும் அதற்கு அடியில் தண்ணீர் பின்புறம் ஓடிவர வழி விடுங்கள்.

தரையும் மேடையும்

இரண்டு இருக்கையை அறுத்து எடுத்துவிட்டு, முன்னால் உயரமாக மேடை கட்டி, கம்பளம் ஒட்டுவது இப்போது நாகரிகம். இருக்கைகள் உட்காருவதற்கு மட்டும் உள்ளவை அல்ல, இரு பக்கத் தகட்டையும் விரியாமல் பிடித்திருப்பவை. அறுத்தால் அதற்கு ஈடாகக் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். உயரத்தில் பாரம் ஏற ஏற, 14 அடிப் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே சாயும். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் எளிய கணக்கு, அடிக்கணக்கில் எடுத்த நீளத்தை அகலத்தால் பெருக்கி 15ஆல் வகுப்பது. 14 அடிக்கு 5 அடி என்றால் நான்கு பேர். மேடையின் எடையை அந்த நால்வரின் எடையிலிருந்துதான் கழிக்க வேண்டும். கம்பளம் எப்போதும் ஈரமாகவே கிடக்கும், எனக்கு அது பிடிக்காது.

இனி பெயின்ட்

பழைய பெயின்ட்டை எடுக்க அடுப்பு சுத்தம் செய்யும் காரக் கரைசலைத் தெளிக்கக் கூடாது, காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். மணல் பீய்ச்சி அடித்தால் மெல்லிய தகடு நெளியும். பழைய பெயின்ட்டில் ஈயமும் அடியிலுள்ள மஞ்சள் பிரைமரில் குரோமேட்டும் இருக்கலாம் என்பதால் உப்புத்தாளைத் தண்ணீர் நனைத்துத் தேயுங்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் சொரசொரப்பாக்கினால் போதும். தகடு வெறுமையாகத் தெரியும் இடத்துக்கு அலுமினியத்துக்கான எட்சிங் பிரைமர், அதாவது தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு, அவசியம். சுத்தம் செய்த அன்றே அதைப் பூசிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஆக்சைடு படலம் காத்திருக்காது. பிரைமரும் பெயின்ட்டும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடாது.

டிரான்ஸத்தின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள 12 எழுத்து அடையாள எண்ணையும், எத்தனை பேர், எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் தகட்டையும் மறைத்துவிட்டுப் பூசுங்கள். அவை அழிந்தால் விற்கும்போதும் பதியும்போதும் சிரமம். கனடாவில் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள எஞ்சின் வைத்தால் படகுக்கு உரிமம் வேண்டும். அந்த எண் முன்புறம் இரு பக்கத்திலும் 7.5 சென்டிமீட்டர் உயரத்தில், பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும். நிறம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

எஞ்சின் வாங்கும் முன் டிரான்ஸத்தின் உயரத்தை அளந்துவிடுங்கள், 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20 அங்குலத்துக்கு நீளத் தண்டு. அப்புறம், முதல் முறை ஏரியில் இறக்கும்போது டிரெய்லர் கயிற்றை அவிழ்க்காமலே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, முன்பு வட்டம் போட்ட இடங்களை உள்ளிருந்து கையால் தடவிப் பாருங்கள்.