மறதி நோயைத் தள்ளிப்போட: மலைவாசிகளுக்கு ஒரு செய்முறை

தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வரவில்லை என்றதும் பயந்துபோய், மெடிக்கலில் ஞாபகசக்தி மாத்திரை கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தக் காசை எடுத்து வையுங்கள், கீழே வேறு செலவு இருக்கிறது.

2024இல் வந்த, லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்கிறது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணக்கு. மீதி வயது, மரபு என்று போகும். அதனால் யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் எங்கே தொடங்கலாம் என்று பார்ப்போம்.

1. முதலில் காது

அந்த 14இல் பெரிய பங்கு காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும். கொழுப்புக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவோம், காதை யாரும் கண்டுகொள்வதில்லை. டீ ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே பல வருடம் நின்றவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சரியாகக் கேட்காதபோது ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்கவே மூளை பாடுபடுகிறது. அப்புறம் ஆள் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சில சமயம் அழுக்கு அடைத்திருக்கும், எடுத்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் ஆடியோமெட்ரி என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்து, காது மெஷின் வைக்கச் சொல்வார். செலவு என்றேனே, இதுதான். புதிதில் பாத்திரச் சத்தம்கூட இடி மாதிரி இருக்கும். முதலில் வீட்டுக்குள் கொஞ்ச நேரம், பிறகு கடைத்தெரு என்று பழகுங்கள். மழைக்கால ஈரம் மெஷினுக்கு ஆகாது. இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

2. பிரஷரைச் சரியாகப் பாருங்கள்

நாற்பது வயதிலிருந்தே மேல் அளவு 130ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது அதே அறிக்கை. உங்களுக்கான அளவை மருத்துவர் சொல்வார். குளிரில் பிரஷர் கொஞ்சம் ஏறும். மேடேறி மூச்சு வாங்க வந்து உடனே கையை நீட்டினாலும் ஏறித்தான் காட்டும்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ வேண்டாம். ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டிவிடுவதும் தப்பு. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்.

மாத்திரை வாங்க இறங்கி ஏற முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021இலிருந்து இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும்.

3. நடை

வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நம் ஊர் மேட்டில் இது சீக்கிரமே வந்துவிடும். இருட்டில் கிளம்பாதீர்கள், காட்டெருமைக்கு வாக்கிங் நேரம் தெரியாது. பாசி பிடித்த படியில் வழுக்கித் தலையில் அடிபடுவதும் அந்த 14இல் ஒன்று என்பதால் பிடிமானமான செருப்பு, கைத்தடி இரண்டுக்கும் வெட்கப்பட வேண்டாம். பைக்கில் ஹெல்மெட்டும் அப்படியே.

4. புகை

பீடி, சிகரெட் தெரிந்த கதை. விறகடுப்புப் புகையும் காற்று மாசுதான். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிர் கொஞ்சம் வரட்டும். மூடிய அறையில் கரி நெருப்பு வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

5. ஆள் துணை

பிள்ளைகள் கோவை, திருப்பூர் என்று போய்விட்ட வீடுகளில், மழை பிடித்தால் நாள் கணக்கில் பேச்சே இருக்காது. என்னைக் கேட்டால், குறுக்கெழுத்துப் புத்தகத்தைவிட வர்க்கியும் டீயுமாக நாலு பேரோடு அரட்டை மேல். சுகர் இருப்பவர்கள் வர்க்கியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சுகர், கொழுப்பு, கண் புரை, குடி, உடல் எடை, நீடிக்கும் மனச்சோர்வு: இவற்றை ஒரே சீட்டில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.

பழகிய வழியே தெரியாமல் போவது, கணக்கு வழக்கு குழம்புவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் இருந்தால் ‘வயசாச்சு’ என்று விட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்றவையும் இப்படிக் காட்டும். அவற்றுக்கு மருந்து உண்டு. போகும்போது கூடவே இருப்பவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள், என்ன மாறியது என்று அவருக்குத்தான் தெரியும்.